நாடா போட்டா வலிக்குது

எங்கள் தையல்காரர் சங்கம் மலர் போடப்போகிறதாம். மூத்தவர்கள் அனுபவத்தை எழுதித் தரவேண்டுமாம். இரண்டு பேர் வீட்டுக்கு வந்தார்கள். ஒருவர் செயலாளர், என் மகன் வயது. இன்னொருவர் பொருளாளர் அம்மாள். செயலாளர் நான்கு முறை தொண்டையைச் செருமிவிட்டு, "ஐயா, ரவிக்கையைப் பத்தி எழுதுங்க, பாவாடையைப் பத்தி எழுதுங்க. அந்த இன்னொன்னு மட்டும் வேணாம். மலரு வூட்டுக்கு வூடு போவுது" என்றார்.

நான் கணக்குப் பார்த்துச் சொன்னேன். தொழிலில் இருந்தது முப்பத்தெட்டு வருஷம். அதில் இருபத்திரண்டு வருஷம் அந்த இன்னொன்றைத்தான் வெட்டியிருக்கிறேன். அதை விட்டுவிட்டு எழுதினால் அரைப் பக்கம் வரும், மிச்சத்துக்கு என் போட்டோவைப் பெரிதாகப் போட்டுக்கொள்ளுங்கள் என்றேன்.

செயலாளர் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பொருளாளர் அம்மாள் பின்தங்கி நின்று குரலைத் தாழ்த்தினார். "ஐயா, ஆறு மாசமா எனக்குத் தோள்பட்டை புடிச்சிக்கினு இருக்குது. கடைல அஞ்சு வாங்கிட்டேன். அஞ்சும் அறுக்குது. இன்னா பண்றது?"

வீட்டுக்கு வீடு போகிற மலரில் எழுதக்கூடாத ஒன்று, ஒரே வீட்டில் ஐந்து இருக்கிறது, ஐந்தும் அறுக்கிறது. ஆகவே அதைப் பற்றியேதான் எழுதுகிறேன். போடுவதும் கிழிப்பதும் அவர்கள் விருப்பம்.

நான் காஞ்சிபுரத்தை ஒட்டிய ஓரிக்கைக்காரன். உழவர் வீடு. எஸ்.எஸ்.எல்.சி. தேறியவன் ஊசி பிடிப்பதா என்று அப்பா ஏழு நாள் என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் பேசினார்; பேசாமலே இருந்திருக்கலாம். அறுபதுகளின் ஆரம்பத்தில் சின்ன காஞ்சிபுரத்தில் ஒன்பதடி அகலக் கடை ஒன்றில் சேர்ந்தேன். காஜா எடுக்க ஒன்றரை வருஷம், ஓரம் அடிக்க ஒரு வருஷம், கத்தரி கைக்கு வர இன்னும் ஒன்று. பழகிய கதை இவ்வளவுதான். அதற்குமேல் எழுதினால் எனக்கே கொட்டாவி வருகிறது.

மாஸ்டர் பெயர் கரீம். ஆற்காட்டுக்காரர். ஆறடி உயரம், வெள்ளை ஜிப்பா. பெண்கள் கடைப்படி ஏறினால் அவர் முகம் தானாகச் சுவர்க் காலண்டர் பக்கம் திரும்பிவிடும். அதன்பின் பேச்சு முழுவதும் காலண்டரோடுதான். "வெள்ளிக்கெழம தர்றேம்மா" என்று காலண்டரைப் பார்த்துச் சொல்வது பொருத்தமாகவே இருக்கும். "கக்கத்துல புடிக்குதாம்மா?" என்று அதே காலண்டரை விசாரிப்பதுதான் வேடிக்கை. பத்து வருஷ வாடிக்கைக்காரப் பெண்களைக்கூடத் தெருவில் பார்த்தால் அவருக்கு அடையாளம் தெரியாது. ரவிக்கையைக் காட்டினால் யாருடையது என்று சொல்லிவிடுவார்.

அந்தக் காலத்தில் உள்ளே போடுவதற்குப் பெயர் பாடி. பிரா என்ற சொல் எங்கள் தெருவுக்கு இன்னும் வந்து சேரவில்லை. ஒருநாள் ஒரு பெண்ணின் அண்ணன் வாசலில் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே, "மாஸ்டர், பாடி எப்ப குடுப்பீங்க?" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். "நாலு மணிக்கு எடுத்துக்கலாம்" என்றார் மாஸ்டர். கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் நின்றார். தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு, "யாருப்பா தவறுனது? சொல்லவே இல்லியே" என்று படியேறிவிட்டார். "தூரத்துச் சொந்தம்" என்று மாஸ்டர் காலண்டரிடம் சொன்னார். பெரியவர் பன்னிரண்டு நிமிஷம் துக்கம் விசாரித்துவிட்டுப் போனார்.

அன்றோடு அந்தச் சொல்லுக்குக் கடையில் தடை. ரவிக்கை 'வெளியூர்', உள்ளே போடுவது 'உள்ளூர்' என்று மாஸ்டர் பெயர் வைத்தார். ஒரு மாதத்தில் பெண்களும் பழகிக்கொண்டார்கள். "உள்ளூரு ரெண்டு, வெளியூரு மூனு, சனிக்கெழம வேணும்" என்பார்கள். வெயிலுக்கு ஒதுங்கிய தபால்காரர் ஒருமுறை இதைக் கேட்டுவிட்டு, "எங்க வேலைய நீங்க எப்பத்திலேர்ந்து பாக்கறீங்க?" என்றார்.

உள்ளூர் வெட்டுவது சின்ன வேலை இல்லை. லாங் கிளாத்தை முதல் நாளே ஊறவைத்துக் காயப்போட வேண்டும். இல்லாவிட்டால் முதல் துவையலில் ஓர் அங்குலம் சுருங்கி ஆளை நெரிக்கும். ஒன்றுக்குப் பதினொரு துண்டு: கிண்ணத்துக்கு நான்கு, விலாப்பக்கம் இரண்டு, முதுகுக்கு இரண்டு, தோள்வார் இரண்டு, அடிப்பட்டி ஒன்று. கிண்ணம் என்று நான் எழுதிவிட்டேன். மாஸ்டர் அதைக் குறிப்பிட நேர்ந்தால் இரண்டு கையையும் குவித்துக் காட்டிவிட்டு, குற்றம் செய்தவரைப்போல உடனே ஜிப்பாப் பைக்குள் போட்டுக்கொள்வார். சினிமா பார்த்துவிட்டு வந்தவர்கள் எல்லாரும் கூம்பாக வேண்டும் என்று கேட்ட காலம். நுனியில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி ஒன்பது சுற்றுத் தையல் போடுவோம். மாஸ்டரின் ஒன்பது சுற்றுக்கு வந்தவாசியிலிருந்துகூட ஆள் வந்தது. கோபுரங்கள் நிறைந்த ஊர். எதுவும் கூராக முடிந்தால்தான் எல்லாருக்கும் திருப்தி. உள்ளே இருக்கிற மனுஷிக்கு எப்படி இருக்கிறது என்று ஒருவரும் கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை.

கேட்கவும் வழியில்லை. பெண்கள்மேல் டேப் வைப்பது எங்கள் கடையில் கிடையாது. பழையது ஒன்றை அளவுக்குக் கொடுத்துவிட வேண்டும். யார் வந்தாலும் மாஸ்டர் சொல்கிற வாக்கியம் ஒன்றுதான்: "அளவுக்கு நல்லதா ஒன்னு குடுங்கம்மா." இந்த 'நல்லதா' என்ற சொல் செய்த வேலையைப் பின்னால் சொல்கிறேன்.

நான் சேர்ந்து ஏழு வருஷம் ஆனபோது ஏகாம்பரம் வந்தார். பிள்ளையார்பாளையத்துப் பட்டு நெசவாளி. செய்தித்தாளில் சுற்றிய பொட்டலம், அதன்மேல் துண்டு, துண்டின்மேல் குடை. எல்லாவற்றையும் மேஜைமேல் வைத்துவிட்டு அவரும் காலண்டரைப் பார்த்தார். கடையில் இரண்டு ஆண்கள் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே காலண்டரோடு பேசியது அன்றுதான்.

"வூட்ல அவளுக்கு, மாஸ்டர்… நாடா போட்டா வலிக்குதாம்."

"எங்க?"

"தோள்ல. அப்டியே வெலா வரிக்கும்."

"நாடா போட்டாத்தான்?"

"ஆமாங்க. போடாட்டி அவ்ளோ இல்ல."

"அவ்ளோதான? நாடாவே இல்லாம பண்ணிடலாம்."

ஏகாம்பரம் முதல்முறையாகக் காலண்டரை விட்டுத் திரும்பினார். "நாடா இல்லாம எப்டிங்க மாஸ்டர்?"

"அது எங்க வேல. நீங்க போங்க."

பொட்டலத்தில் இருந்த பாடியில் முதுகுப் பக்கம் இழுத்துக் கட்டுகிற நாடா இருந்தது. அதை எடுத்துவிட்டு நான்கு கொக்கி வைத்துத் தைத்துக் கொடுத்தோம். ஆறு நாளில் ஏகாம்பரம் திரும்பி வந்தார். "இன்னும் நாடா போட்டா வலிக்குதாம்" என்று பொட்டலத்தை வைத்துவிட்டு, நாங்கள் தலை தூக்குமுன் சைக்கிளில் ஏறிவிட்டார்.

மாஸ்டர் அதை உள்ளும் வெளியுமாகத் திருப்பினார். "அரே நடேசா, இதுல நாடா எங்கடா இருக்குது?" நான்கு கண் கொண்டு தேடினோம். கழுத்தோரத்தில் மடிப்புக்குள் உறுதிக்காக வைத்துத் தைத்த நாடா ஒன்று இருந்தது. அதையும் பிரித்து எடுத்துவிட்டுத் துணியைக் குறுக்காக வெட்டி ஓரம் கட்டினேன். இனி அதில் நாடா என்று சொல்ல ஓர் அங்குலமும் இல்லை. அனுப்பிவைத்தோம்.

மூன்றாவது தடவை அந்தம்மாவே வந்துவிட்டார். பெயர் அமிர்தம். முப்பத்தைந்து வயதிருக்கும். வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு படியேறினார்.

"நீங்க ரெண்டு பேரும் இன்னாதான் தெச்சிக்கினு இருக்கீங்க?"

"நாடாவ எடுத்துட்டமேம்மா" என்று மாஸ்டர் காலண்டரிடம் முறையிட்டார்.

"எந்த நாடாவ?"

"கட்டற நாடாவ."

அமிர்தம் என்னைப் பார்த்தார், மாஸ்டரின் முதுகைப் பார்த்தார். "நான் சொன்னது தறி நாடா."

தறியில் ஊடை நூலை இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்குக் கொண்டுபோகிறதே, அந்தக் கட்டைக்கும் நாடா என்றுதான் பெயர். அந்த ஊரில் பாதி வீடுகளில் காலை முதல் மாலை வரை கேட்கிற சத்தமே அதுதான். நான் உழவர் வீட்டுப் பிள்ளை, மாஸ்டர் ஆற்காடு. எங்கள் இருவருக்கும் நாடா என்றால் கட்டுவது, ஏகாம்பரத்துக்கு நாடா என்றால் வீசுவது. மூன்று ஆண்களும் வெட்கப்பட்டதில் அந்தம்மாவுக்கு மூன்று வாரம் போய்விட்டது. அமிர்தம் சிரிக்க ஆரம்பித்து, பாதியில் விலாவைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு விஷயத்தைச் சொன்னார். கரை ஒரு நிறமும் உடல் ஒரு நிறமுமாகச் சேர்த்து நெய்வதைக் கோர்வை என்பார்கள். அதற்குத் தறியில் இருவர் உட்கார வேண்டும். ஏகாம்பரம் இடப்பக்கம், அமிர்தம் வலப்பக்கம். "அவரு அனுப்பற நாடாவ நான் வாங்கணும், கரை நாடாவத் திருப்பிப் போடணும். கைய தூக்கி வீசறப்பல்லாம் வாரு தோள் சதைய அறுக்குது. உள்ள ஒன்னும் போடாம உக்காந்தா தொங்கி இழுக்குது, அதுவும் உயிர் போவுது. கொக்கி வெச்சி அனுப்பினீங்களே, பின்னால கை போனாத்தான மாட்டறதுக்கு? ஆஸ்பத்திரில ரெஸ்ட்டு எடுன்னாங்க. அஞ்சு நாளு எடுத்தேன். அதான் வெனையாப் போச்சு."

"இன்னா ஆச்சு?" என்றேன்.

"எங்க மாமியாரு திருப்புட்குழிலேர்ந்து அவங்க தம்பி பொண்ண வரவெச்சிட்டாங்க. கை ஒத்தாசைக்காம். என் எடத்துல உக்காந்துக்கினு இருக்குது. இவருக்கு மாமன் பொண்ணு, இன்னும் கல்யாணம் ஆவல. அண்ணா, அது குழித்தறி. ரெண்டு பேரு எறங்கினா முழங்கையும் முழங்கையும் இடிக்கும். திங்கக்கெழம தறில புதுப் பாவு நூலு ஏத்தறாங்க. அன்னிக்கு நான் குழில எறங்கலன்னா அந்தப் பாவு முடியற வரிக்கும் அவதான். அதுக்கப்புறம் எனக்கு அடுப்புதான், தறி இல்ல."

அன்று வியாழன். மாஸ்டர் காலண்டரை அன்று ஒருநாள் உண்மையாகவே பார்த்தார்.

எனக்கு எதையும் எண்ணுகிற பழக்கம். அளவுக்கென்று அவர் அன்று கொண்டுவந்து மேஜைமேல் வைத்த வேறொரு பாடியை எடுத்து எண்ணினேன். கொக்கி மூன்று, மூன்றிலும் துரு இல்லை. ஒன்பது சுற்றும் ஒன்பது சுற்றாகவே இருந்தது. தோள்வாரில் பிசிறு இல்லை. வியர்வைக் கறை இல்லை.

"இத எத்தன தடவ போட்டிருக்கீங்க?" என்று கேட்டுவிட்டேன். மாஸ்டர் இருமினார். ஏழு வருஷத்தில் அந்தக் கடையில் அப்படி ஒரு கேள்வி எழுந்ததில்லை.

"மூனு வாட்டி. அறுத்திச்சி. பொட்டில வெச்சிட்டேன்."

"அப்புறம் ஏன் இத அளவுக்குக் குடுத்தீங்க?"

"நீங்கதான நல்லதா ஒன்னு குடுன்றீங்க. இதான் புத்தம்புதுசா இருக்குது."

அலமாரியில் அன்று அளவுக்கு வந்த உள்ளூர் பதினான்கு இருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்தேன். பதினொன்றில் கறையும் இல்லை, துருவும் இல்லை. அறுத்தது, குத்தியது, மூச்சை அடைத்தது, அதனால் பெட்டியில் கிடந்தது; பெட்டியில் கிடந்ததால் நல்லதாக இருந்தது; நல்லதாக இருந்ததால் அளவுக்கு வந்தது. ஊர்ப் பெண்களுக்கு எது ஆகவில்லையோ அதைப் பார்த்துப் பார்த்து, நூல் பிசகாமல், இன்னொன்று தைத்துக் கொடுத்திருக்கிறோம். அவர்களும் வாங்கிப்போய்ப் பெட்டியில் வைத்திருக்கிறார்கள்.

"தறில உக்காரும்போது போடுவீங்களே, அந்தக் கிழிசலக் கொண்டாங்க" என்றேன்.

"அய்ய, அத மனுசங்க கைல குடுக்க முடியாது."

"திங்கக்கெழமைக்கு நாலு நாள்தான் இருக்குது."

மறுநாள் வெள்ளிக்கிழமை காலை தூக்குச்சட்டியில் போட்டு, மூடி போட்டு, கொண்டுவந்தார். மேஜைமேல் வைத்துவிட்டு, "வாரு முந்தாநேத்து பிச்சிக்கிச்சு, இனிமே இது தாங்காது" என்று சொல்லி வாசலுக்குப் போய் நின்றுகொண்டார்.

பழந்துணிதான். ஆனால் அதைப்போல் ஒரு பாடத்தை நான் எந்தக் கட்டிங் புத்தகத்திலும் படித்ததில்லை. வலது கக்கத்தின் கீழ் மூன்றங்குலம் கத்தரியால் பிளந்திருந்தார். தோள்வாரைப் பழைய இடத்திலிருந்து அறுத்து, கழுத்தோரச் சதையை விட்டு விலக்கி, தோள்முனைப் பக்கமாக முடிந்திருந்தார். இழை அறுந்தால் நெசவாளர் போடுகிற முடிச்சு அது. விரலால் தடவினாலும் தட்டாது. முதுகைச் சேர்த்துத் தைத்துவிட்டு, முன்பக்கம் வெட்டித் திறந்திருந்தார். கூம்பு துவைத்துத் துவைத்துப் படுத்துவிட்டது. ஒன்பது சுற்றில் மிஞ்சியது இரண்டு. கறை எல்லாம் மடிப்புகள் இருக்கிற பக்கம் இருக்க வேண்டியது, வழவழப்பான பக்கத்தில் இருந்தது. இரண்டு தடவை புரட்டிப் பார்த்த பிறகுதான் புரிந்தது. உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பிப் போட்டிருக்கிறார். தையல் மடிப்பு உடம்பில் படக்கூடாதென்று.

மாஸ்டரிடம் சொன்னேன். இந்தக் கிழிசலைப் பார்த்து அப்படியே தைக்க வேண்டும், மடிப்பெல்லாம் வெளியே இருக்க வேண்டும் என்றேன்.

"உல்டாவா? மடிப்பு வெளிய தெரியற மாதிரி? என் கடைலயா? நக்கோ, வேணாம்."

"உள்ள போடறதுதான மாஸ்டர், யாரு பாக்கப்போறாங்க?"

"தைக்கிறவன் பாக்கிறான்ல?"

"கூம்பும் வேணாம்."

"ஒம்போது சுத்து?"

"ஒன்னுகூட வேணாம்."

மாஸ்டர் எழுந்து மதியத் தொழுகைக்குப் போனார். அன்று மற்ற வெள்ளிக்கிழமைகளைவிட இருபது நிமிஷம் தாமதமாக வந்தார். மெஷினில் உட்கார்ந்து, ஊசியில் நூலைக் கோத்துக்கொண்டு, "நீ வெட்டு, நான் தைக்கிறேன். உன்கிட்ட வுட்டா மடிப்பு கோணலா வெளிய தெரியும். தெரியறதுன்னு ஆச்சு, நேரா தெரியட்டும்" என்றார்.

லாங் கிளாத்தை ஒதுக்கிவிட்டு மெல்லிய மல் துணியை இரட்டையாக எடுத்தேன். விலாப்பக்கத் துண்டுகளைக் குறுக்கு வாட்டில் வெட்டினேன். அப்போதுதான் கை தூக்கும்போது துணி கூடவே நெகிழும். அடிப்பட்டி மூன்று விரல் அகலம், பாரத்தை அதுதான் ஏற்க வேண்டும். தோள்வார் இரண்டு விரல் அகலம்; தோள்முனைப் பக்கம் வைத்ததால் நழுவும், நழுவாமல் இருக்க முதுகில் ஒரு குறுக்குப்பட்டி. கொக்கி இல்லை. முன்பக்கம் தட்டையான துணிப் பொத்தான் ஐந்து. வலது கக்கம் இடதைவிட முக்கால் அங்குலம் இறக்கம். இரண்டு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்பது தையல்காரன் ஆசை. உடம்பு அப்படிச் சத்தியம் செய்து கொடுக்கவில்லை.

பொருளாளர் அம்மாளுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். கடைக்குப் போகும்போது புதியதைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள், வீட்டில் எதைக் கழற்ற மனசு வருவதில்லையோ அதைப் பையில் எடுத்துப் போங்கள். அது எங்கே இளகியிருக்கிறது, எங்கே கிழிந்திருக்கிறது என்று பாருங்கள். அதுதான் உங்கள் அளவு. டப்பாவில் அச்சடித்த எண் இல்லை. முன்னால் திறப்பதாக, அடிப்பட்டி அகலமாக, வலிக்கிற இடத்தில் மடிப்பே வராததாக எடுங்கள். போட்டுப் பார்க்கும்போது கண்ணாடி முன் நிற்காதீர்கள். இருபது தடவை கையை வீசிப் பாருங்கள். வெளியே நிற்கிறவர்கள் என்ன நினைத்தாலும் நினைக்கட்டும்.

ஞாயிறு மாலை அமிர்தம் வந்து வாங்கிப்போனார். வெளியே தெரிந்த மடிப்புகளை விரலால் தடவிப் பார்த்துவிட்டு முந்தானையில் சுற்றிக்கொண்டார்.

திங்கட்கிழமை எனக்கு வேலை ஓடவில்லை. இடது கையை இரண்டு தடவை வெட்டி, ஒரே ரவிக்கைக்கு இரண்டு இடது கை செய்துவிட்டேன். மாஸ்டர் அதைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "போய்ப் பாத்துட்டு வா. வாசலோட வந்துடணும்" என்றார்.

சைக்கிளில் பிள்ளையார்பாளையம் போனேன். தெரு முழுக்கத் தறிச் சத்தம். ஏகாம்பரம் வீட்டு வாசலில் நின்றால் தறி தெரியாது, சத்தம் மட்டும் கேட்டது. நாடா போய், பலகை இடித்து, இன்னொரு நாடா திரும்பியது. இரண்டு பேர் நெய்கிறார்கள். எந்த இரண்டு பேர் என்று சத்தத்தில் எப்படிக் கண்டுபிடிப்பது? ஆனாலும் எண்ணிக்கொண்டு நின்றேன்.

கதவைத் தள்ளிக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். இருபத்தைந்து வயதிருக்கும். கையில் துணிப்பை, அடைத்த பை. என்னைப் பார்த்து, "ஏங்க, திருப்புட்குழி பஸ்சு எத்தினி மணிக்கு?" என்றாள்.

"பத்து இருபதுக்கு ஒன்னு. அத வுட்டா பன்னண்டே கால்."

"பத்து இருபதே புடிச்சிடறேன். இங்க எனக்கு இன்னா வேல" என்று சொல்லிக் கொஞ்ச தூரம் போனவள் திரும்பி, "நீங்க யாரு? இன்னா வேணும்?" என்றாள்.

அதற்குள் உள்ளேயிருந்து அமிர்தம் குரல் கேட்டது. "யாரு வாசல்ல?"

"யாரோ ஆம்பள. நின்னுக்கினு இருக்குது."

"அப்புறமா வரச் சொல்லு. எனக்குக் கை வேலையா இருக்குது."

அவர் அதைச் சொன்னபோதும் நாடா நிற்கவில்லை. நாற்பது வரை எண்ணிப் பார்த்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினேன்.